இரண்டாம் தவணை

படிவத்தில் இருபது கட்டங்கள்.
எங்களிடம் பதின்மூன்று பேர்;
அதில் ஒருவனுக்கு உயர்தரப் பரீட்சை,
நாலு பேருக்குப் படகு.
வாடையில் கடல் புரண்டால் பயிற்சிக்கு ஆள் நிறையும்,
கடல் தணிந்தால் மைதானம் வெறிக்கும்.
மான்கள் மட்டும் தவறுவதில்லை.
மாலையானால் கோல் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும்.
எங்கள் தடுப்பாட்டத்தைவிட அவை மோசமென்று
சத்தியமாய்ச் சொல்ல மாட்டேன்.

பதிவு முடிய இரண்டு நாள் இருக்கையில்
கிண்ணியாப் பாலம் கடந்து ஒரு மோட்டார் சைக்கிளில்
இருவர் வந்தார்கள். பிளேன்ரீ குடித்தார்கள்.
"வாகீசனைத் தாங்கோ, செயலாளர்.
தொண்ணூறாயிரம்.
பாதி இப்ப, பாதி பருவம் முடிய."
நஸ்மீரைத் தரட்டுமா என்றேன்.
எப்போதோ கரைந்துவிட்ட சீனியை
அவர்கள் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

நஸ்மீர், எங்கள் நடு முன்கள வீரன்.
சீனன்குடா மாவாலையில் வேலை முடித்து
புருவத்தில் மாவோடு ஓடிவருவான்.
ஒன்பது ஆட்டமாகக் கோல் இல்லை.
கம்பத்தில் மூன்று, ஆகாயத்தில் ஐந்து,
ஒன்று தபால் கந்தோர்க் கூரையில்,
இன்னும் இறக்கவில்லை.
சனம் அவனை ஏசுவதை நிறுத்தி
"நல்ல பிள்ளை" என்று சொல்லத் தொடங்கியிருந்தது.
கோல் அடிப்பவனுக்கு
அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

வாகீசன் வந்தான். எட்டு ஆட்டம், ஆறு கோல்.
காலில் தீ இருக்கும்போதே விற்கவேண்டும் என்று
பொருளாளர் சொன்னார்;
அவர் மீன் ஏலக்காரர், பழுதாகும் பொருளின் கணக்கு தெரிந்தவர்.
கையெழுத்துப் போட்டுவிட்டு வாகீசன் கேட்டது ஒன்றுதான்:
"எனக்குப் பதிலா ஆர்?"
வெறும் கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினேன்.
அவன் அதை நெடுநேரம் பார்த்தான்,
வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்ப்பதுபோல.

முதல் தவணை:
இரண்டு வலை, மூன்று பந்து,
காப்பாளனுக்குக் கையுறை,
ஹாட்வெயார்க் கடைப் பழைய கடன்.
மிச்சம் நானூற்றுப் பத்து ரூபா.

பிறகு ஆவணியில் அவர்களோடேயே ஆட்டம்.
மான்களை எழுப்பவே பத்து நிமிடம்.
எங்கள் வாங்கில் ஒரே ஒருவர்: றொசைரோ,
வயது முப்பத்தொன்பது, இரண்டு முழங்காலிலும் கட்டு.
"என்னை இறக்காதை" என்று
ஆட்டம் தொடங்குமுன்பே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எழுபத்தேழாவது நிமிடம்.
தடுக்க உதவுவதற்கென்று பின்னால் வந்த வாகீசன்
அவர்களுடைய மூலைக் கொடியருகே பந்தோடு அகப்பட்டான்.
எங்கள் பையன்கள் இருவர் மேலே விழுகிறார்கள்.
வெளியே அடித்திருக்கலாம்.
ஆனால் அது அவனுடைய பழைய மூலை.
நாலு வருடம் அந்த இடத்திலிருந்து
அவன் கால் ஒரே ஒரு வேலைதான் செய்திருக்கிறது.
சட்டை மாறியது காலுக்குத் தெரியவில்லை.
நிமிர்ந்து பாராமலே வளைத்து அனுப்பினான்,
நஸ்மீர் எப்போதும் நிற்கும் இடத்துக்கு.

நஸ்மீர் அங்கேதான் நின்றான்.
வேறெங்கு நிற்பதென்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

முழங்காலில் பட்டதா தொடையில் பட்டதா
என்ற வழக்கு டச்பேக் கடற்கரையில் இன்னும் தீரவில்லை.
வலை புதியது. நன்றாகவே குலுங்கியது.
வாகீசன் கையை அரைவாசி உயர்த்தி
சட்டென்று பிடரியைச் சொறிந்துகொண்டான்.

நடுவரின் தாளில்: கோல், நஸ்மீர், 77.
கொடுத்தவர் பெயருக்கு அதில் கட்டமில்லை.

பருவம் முடிந்து ஒரு மாதம்.
மற்றப் பாதிக் காசு இன்னும் பாலம் கடக்கவில்லை.
கேட்டு எழுதத் தொடங்கிய கடிதம் மேசையில் கிடக்கிறது.
முதல் வரியில் "எங்கள் வாகீசன்" என்று எழுதி
வெட்டி, "உங்கள்" என்று எழுதி
அதையும் வெட்டியிருக்கிறேன்.