வடிகால்

மாதா கோயில் வீதியில்
சொல்தா சவரியப்பன் செத்து ஆறு வருஷமாகியும்
தன் ஊருக்குத் திரும்பாத வெள்ளைக்காரியின் பெயர்
ஒதீல்.
எங்கள் வாயில் அவள் தவளைத்தின்னி.

குளிக்காத சாதி,
டீயை ஆற்றிக்கொண்டே சொல்வான் முருகையன்,
அதனாலதான் செண்டு கண்டுபுடிச்சான்.
காயிதத்துல தொடைக்கிற சாதி.
பத்திரம் எழுதும் கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றுவார்:
இருநூறு வருஷம் காரைக்கால்ல இருந்தானுவ,
ஒருத்தனுக்காவது ஒரு ரசம் வைக்கத் தெரிஞ்சுதா?
மகனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள பெண்ணாக
மூன்று வருஷமாய்த் தேடுகிறார் அவர்.

நானும் சிரிப்பேன்.
பிளம்பர்.
எல்லா வீட்டுக்குள்ளும் போகிறவன்
எல்லார் சிரிப்பிலும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் கூப்பிட்டு அனுப்பினாள்.
அரசலாறு கரையைத் தொட்டு ஓடிய வாரம்.
'வாங்க தம்பி, தண்ணி போவ மாட்டேங்குது.'
சவரியப்பனின் தமிழ்,
அதே நெரவிப் பக்கத்து இழுவை.
மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.
காப்பித்தூள் வாசம். ஈரச் சுவர் வாசம்.
என் வீட்டிலும் இருப்பதுதான்.

குளியலறைச் சல்லடையைப் பெயர்த்து
கம்பியை விட்டு இழுத்தேன்.
வந்தது ஒரு கைப்பிடி நரைமுடி,
நீளம் நீளமாய், சோப்புப் பிசுக்கோடு.
தினம் தினம் குளித்த தலையின் முடி.
அதை வாளியில் போடும்போது
ஏனோ முருகையனின் குரல் நினைவுக்கு வந்தது.

முடிக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தது,
குழாய் வாயில், தொண்டை துடிக்க.
யோசிப்பதற்குள் என் கை
இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டது.
எட்டு வயதில் பழகிய பிடி.

நெடுங்காட்டு வயல்களில்
அப்பா பெட்ரோமாக்ஸைப் பிடித்தால்
தவளைகள் வெளிச்சத்தைப் பார்த்துச் சமைந்து நிற்கும்.
நான் சாக்கைப் பிடிப்பேன்.
விடியுமுன் அரிவாள்மனை.
இடுப்புக்குக் கீழே விலை,
இடுப்புக்கு மேலே வாய்க்காலுக்கு.
மேல்பாதி கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறக்கும்.
ஐஸ் பெட்டியோடு வரும் ஏஜெண்டு
பிரான்சுக்குப் போவுது என்பான்.
'தின்னுற நாய்ங்க' என்று காறித் துப்பிவிட்டு
அப்பா ரூபாயை எண்ணுவார்.
அந்த ரூபாயில்தான் எனக்குச் சிலேட்டு,
அக்காவுக்குத் தோடு.
சட்டம் வந்து பிடிப்பு நின்றபோது
எங்கள் குறுவையில் இரவுச் சத்தமே இல்லை.
பூச்சிக்கு மருந்தடித்தோம்.

'விடுங்க, விடுங்க தம்பி!'
வாசலில் நின்று கத்தினாள்.
'அது இங்கதான் இருக்கும். சவரி இருந்தப்பவே இருக்கு.'
விட்டேன். ஓடவில்லை அது,
என்னையே பார்த்தது.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்:
'நீங்க சாப்புடுவீங்களாமே?'

கோபப்படவில்லை. யோசித்தாள்.
'ஒரு தரம். கல்யாணத்துக்கு முந்தி. ஓட்டல்ல.
கோழி மாதிரி இருந்துச்சு.
பூண்டு ருசிதான் ஞாபகம் இருக்கு.'
பிறகு, 'எங்கேருந்து வந்துச்சோ, பாவம்.'

எந்த வருஷம் என்று
நான் கேட்கவில்லை.

முந்நூறு கேட்டேன், ஐந்நூறு கொடுத்தாள்.
மிச்சம் கொடுக்கவும் தோன்றவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
அன்று சாயங்காலம் டீக்கடையில்
என் வாய்க்கு அந்த வேலைகூட இல்லை.
'என்னடா, தவளைத்தின்னி வீட்டுல
நாத்தம் தாங்கிச்சா?'
பெஞ்சு முழுக்கக் காத்திருந்தது.
நான் மூக்கைப் பொத்திக் காட்டினேன்.

விரலில்
அவள் சோப்பு மணத்தது.