பதினோராவது சுற்று

ஞாயிறு ஆறரைக்கே
பள்ளத்தூர்க் கண்மாய்க்குள் வெயில் இறங்கிவிட்டது.
தண்ணீர் போய் மூன்று மாதம்.
பஞ்சர் கடையின் பழைய டயர்களை
வளைவுக்கு ஐந்தாக அடுக்கி
சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு
இதுதான் டிராக் என்றான் சேவுகன்.
மூன்றாம் வளைவின் கோட்டை
அதற்குள் ஆடுகள் திருத்தியிருந்தன.

கட்டணம் முந்நூறு ரூபாய்,
எலுமிச்சைச் சோறு உள்பட.

என் வண்டிக்கு எண் பதினேழு.
இன்ஜின், லாரியில் மோதிச் செத்த ஒரு பல்சருடையது.
சேஸிஸ், கிரில் கேட் செய்யும் செபஸ்தியான்
மூன்று ராத்திரி உட்கார்ந்து பற்றவைத்தது.
பழக்கதோஷம்,
சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியை வளைத்து
ஒரு பூவும் வைத்துவிட்டான்.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பூ
என் இடது விலாவில் குத்தும்.

ஸ்பிரிங் கிடையாது இதில்.
தரை நினைப்பதை எல்லாம்
முதுகெலும்பு அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வங்கியில் நகைக்கடன் கவுண்டர் என்னுடையது.
வாரமெல்லாம் மில்லிகிராம் வரை பார்க்கிறவள்.
இங்கே என்னை எடை போட்டார்கள்:
ஹெல்மெட்டோடு எழுபத்தொன்பது.
"வெயிட்லயே அரை செகண்ட் போயிருது மேடம்."
சேவுகன் இதைத் துக்க வீட்டுக் குரலில் சொன்னான்.

பச்சைத் துண்டு இறங்கியது.
ஏழு வண்டி, ஒரே புழுதி.
முதல் சுற்றில் பாதை என்று ஒன்று கிடையாது,
முன்னால் போகிறவனின் சத்தம்தான் பாதை.
இரண்டாவதில், மூன்றாம் வளைவில்,
பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பினேன்.
வண்டி என்னைக் கேட்காமல்
வந்த வழியைப் பார்த்து நின்றது.
எதிரே மூன்று ஹெல்மெட்டுகள்.
மூன்றும் ஒதுங்கிப் போயின.
ஒன்று கையை ஆட்டியது,
டாட்டாவா திட்டா தெரியவில்லை.

கரையில் ஒரு கார் நின்றது.
வளவு வீடுகள் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள்
இறங்கி எங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாவது சுற்றில்
இளையான்குடி ரிஸ்வானா என்னைக் கடந்தாள்,
எனக்கு ஒரு முழுச் சுற்று முன்னால்.
பதின்மூன்று வயது, பல்லில் கிளிப்.
பின்னாலிருந்து பார்த்தேன்:
வளைவு வருவதற்கு முன்பே, நேரில்,
பிரேக் வேலை அவளுக்கு முடிந்துவிடுகிறது.
பிறகு இரண்டு காலிலும் ஒன்றுமே இல்லாத ஒரு நொடி.
உள்பக்கப் பின்சக்கரம்
தரையைவிட்டு ஒரு காகித கனம் எழும்புகிறது.
அவ்வளவுதான், ஆள் இல்லை.

பதினொன்று.
டயர். கோடு. ஆட்டுப் புழுக்கை.
மிதி.
விடு.
இப்போது திருப்பு.
வண்டி வளைந்தது, நான் வளைக்கவில்லை.
பூ விலாவில் குத்தவில்லை,
சும்மா சாய்ந்து கிடந்தது.
நாலாம் வளைவும் அப்படியே வந்தது.
ஐந்தில் கொஞ்சம் அகலமாகப் போனேன்,
போகட்டும்.

ஏழில் ஆறாவது.
ஏழாவது வண்டிக்குச் செயின் அறுந்திருந்தது.

"சேவுகா, பதினோராவது சுற்று எவ்வளவு?"
அவன் செல்போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி செல்போனைப் பார்த்தான்.
"அப்பத்தான் மேடம் மச்சான் கூப்பிட்டாரு.
பத்து இருக்கு. பன்னண்டு இருக்கு."
அட்டையில் நாற்பத்தெட்டு புள்ளி ஆறுக்கும்
நாற்பத்தெட்டு புள்ளி இரண்டுக்கும் நடுவே
ஒரு சின்னக் கோடு.

எங்கள் கவுண்டரில்
தராசில் ஏறாத தங்கம் தங்கமே இல்லை.
அதையே நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கையில்
கை இன்னும் ஸ்டீயரிங்கில் இருந்தது.
பாதிச் சோறு மடியில்.
ரிஸ்வானா வேனில் ஷூவோடு தூங்கிவிட்டாள்,
கோப்பை காலடியில் உருண்டு கிடக்க.

சாயங்காலம் வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
கோடை மழை இறங்கினால்
கண்மாய் சேறாகும், டிராக் போய்விடும்.
ஊரே மழை கேட்டு
மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது.
நானும் வரிசையில் நின்று கஞ்சி வாங்கினேன்.
மழை வரட்டும் தாயே என்றுதான் கேட்டேன்,
அடுத்த ஞாயிறு
ஒரு பத்து மணிக்கு மேல்.