திருத்திய வயது

பெரியாஸ்பத்திரி மாடியில் பதினான்காம் எண் அறை.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடும்.
என் பையில்
பத்துச் சிவப்புக் கட்டைகள், ஒரு மணி,
மூக்குத் தேய்ந்த பொம்மை,
ஒரு கோப்பை, அதன் அடியில் ஒளித்துவைக்க ஒரு முயல்.

வந்தவள் பெயர் நிறைமதி.
நிறைமாதம் காணாதவள்.
இருபத்தேழாம் வாரத்தில்
பனகல் சாலை நெரிசலில் ஆட்டோ நின்ற நேரம்
பாதி வந்துவிட்டவள்.

"எண்ணூத்தித் தொண்ணூறு கிராம்னாங்க.
மனசுலயே வகுத்துப் பாத்தேன்.
நூத்திப் பதினோரு பவுனு, மேல ரெண்டு கிராம்"
என்கிறாள் தாய் தில்லைநாயகி.
தெற்காவணி மூல வீதியில்
அடகுக் கடைத் தராசு அவள் பொறுப்பு.
"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சதும்
பழகுன எடம் மாதிரிதான் இருந்துச்சு.
பாக்கலாம், தொடக் கூடாது."

காலண்டரில் இரண்டு வயது மூன்று மாதம்.
மூன்று மாதத்தைக் கழித்து எழுதுகிறேன்:
திருத்திய வயது, இரண்டு.
பிறந்த நாளைப் பிழையென்று தள்ளிவிட்டுப்
பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் கணக்கு.
வேறு யாருக்கும் இந்தச் சலுகை இல்லை.
கிடைத்தால் நானும்
சில வருடங்களைக் கொண்டுவந்து நீட்டியிருப்பேன்.

அடுத்து, நிரப்ப வேண்டிய கட்டங்கள்.
மூளைக்குள் கசிவு: இடப்பக்கம், சிறிது.
செயற்கை மூச்சு: பதினொரு நாள்.
தாயின் படிப்பு.

"பத்தாவது. கணக்குல போயிருச்சு"
என்றவள் கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
"அத எதுக்குக் கேக்குறீங்க?
நான் பெயிலானது
இவ மார்க்குலயும் கொறையுமா?"

எங்கெங்கோ பிறந்த பிள்ளைகளை
அளந்து அளந்து எழுதிய அட்டவணை அது.
கூட்டத்தைப் பற்றிக் கேட்டால்
சரியாகத்தான் சொல்கிறது.
ஒரே ஒருத்தி முன்னால் வந்து உட்கார்ந்தால்
தொண்டையைச் செருமிக்கொள்கிறது.

யூனுஸைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு வயதில் அவனுக்கு நான் போட்டது அறுபத்தெட்டு.
ஒன்பது வயதில் வந்து
என் கைக்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்துகிறது என்றான்.
ஷைனியைப் பற்றியும் சொல்லவில்லை.
நூற்று நான்கு. எல்லாக் கட்டையும் அடுக்கினாள்.
மூன்றாம் வகுப்பில்
கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் நின்றாள்,
இன்னும் அங்கேயே நிற்கிறாள்.
இரண்டு தாளிலும் என் கையெழுத்து.

"எட்டு வயசுல எப்படி இருப்பா? அத மட்டும் சொல்லுங்க."
இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்றுதான்
சொல்ல முடியும் என்றேன்.
கோபப்படவில்லை.
"உரைகல்லும் அப்படித்தான் மேடம்.
மாத்துச் சொல்லும்.
நாளைக்கு என்ன வெலைன்னு கேட்டா
வெறுங்கல்லு."

கோபுரம் கட்டச் சொன்னேன்.
ஆறு கட்டை நின்றால் ஒரு மதிப்பெண்.
நிறைமதி ஒன்றை எடுத்தாள்,
இன்னொன்றை எடுத்தாள்,
அடுக்கவில்லை.
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி
இடது கொஞ்சம் ஏற்றி, வலது கொஞ்சம் இறக்கி
நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு ஒன்றை மட்டும் என்னிடம் திருப்பித் தந்தாள்,
சரக்கு சரியில்லை என்பதுபோல்.

கையேட்டில் இதற்கு இடம் கிடையாது.
கட்டத்தில் பூஜ்யம் போட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
எடை பார்க்கிறாள்.

ஐந்து வயதில் மறுபடி கூட்டி வாருங்கள் என்றேன்.
"எந்த அஞ்சு? திருத்துனதா, திருத்தாததா?"
இரண்டு வயதுக்குப் பிறகு நாங்கள் கழிப்பதில்லை.
இனிமேல் ஊருக்கெல்லாம் ஓடும் காலண்டர்தான்.
"சரி" என்றாள்,
வட்டி கட்ட வந்தவர்களிடம் அவள் சொல்லிப் பழகிய சரி.
பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
படியிறங்கினாள்.

பையை மூடும்போது எண்ணினேன்.
ஒன்பது கட்டைகள்.
மேசைக்கடியில் குனிந்து பார்க்கவில்லை.
அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.