நல்ல நெஞ்சு

எல் ஆல்டோ. நெடுஞ்சாலையில் டயர்கள் எரிகின்றன.
மறியலைச் சுற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ்கள்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் பின்வாசலில் முட்டுகின்றன.
நில்டா, என்கிறது மூன்றாம் கட்டில்.
நில்டா, என்கிறது தொலைபேசி.
யாருடையதோ ஒற்றைச் செருப்பு
காலில் இடறிக்கொண்டே இருக்கிறது.

இதயத் துடிப்பை வரையும் பெட்டி மக்கர் பண்ணுகிறது.
"நல்ல நெஞ்சு ஒன்றில் வைத்துப் பார்"
என்கிறார் டாக்டர் கிஸ்பர்ட்.
நல்ல நெஞ்சுக்கு இந்நேரம் எங்கே போவேன்?
என் சட்டைக்குள்ளேயே கம்பிகளை ஒட்டிக்கொண்டேன்.

தாள் வந்தது.
இத்தனை கூச்சலுக்கும் ஒரு கோடுகூடப் பிசகவில்லை.
நிமிடத்துக்கு அறுபத்தெட்டு.
எனக்கே வெட்கமாகிவிட்டது,
தீப்பிடித்த தெருவில் ஒருத்தி
கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதைக் கண்டாற்போல.

மூன்றரை மணி. ஆறிப்போன கோகா டீ.
குப்பைக்குப் போகவேண்டிய தாளில்
நீலப் பேனாவால்
முனை ஒவ்வொன்றின் கீழும் நிழலிட்டேன்.
மலைத்தொடர் ஆயிற்று.
ஐந்தாம் துடிப்பின் சரிவில் இரண்டு லாமாக்கள்.
பள்ளத்தில் ஒரு தகரக் கூரை.

கூப்பிட்டார்கள்.
ஒரு தலைக்குத் தையல் நூல் எடுத்துக் கொடுத்தேன்.
ஒருவர் முகத்தைப் போர்வையால் மூடினேன்.
திரும்பி வந்து
கூரைக்குக் கீழே கதவு வைத்தேன், சாத்தாத கதவு.
கை நடுங்கியது. மலைப்பாதை ஓரிடத்தில் கோணலாயிற்று.
அழிக்கவில்லை.

விடியலில், உடைந்த கையுடன் ஒரு பையன்
தாளை உற்றுப் பார்த்தான்.
"இது இல்லிமானியா?"
"இல்லை."
"பின்னே எந்த மலை?"
வாய் திறக்குமுன் மறுபடி என் பெயர்.

போகிற போக்கில் திரும்பிப் பார்த்தேன்:
உடையாத கையின் சுட்டுவிரலால்
ஏறத் தொடங்கியிருந்தான்,
கோணல் வந்ததும் சற்று நின்று,
மூச்சு வாங்கி.