சரக்குச் சீட்டு

மத்தியானம் லோரி வந்தது கிள்ளானிலிருந்து.
சாமான் ஆறு என்று சீட்டில் இருந்தது.
பழைய மெத்தை சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய
ஆறு பேர்.

சுங்கை தெம்பாகாவில் புகைக்கூடாக இருந்த கட்டடம்தான்
இப்போது கல்யாண மண்டபம்.
ஏர்கோன் போட்டாயிற்று, பொய்க்கூரை போட்டாயிற்று,
மழை நாளில் மட்டும்
மணவறைக்குப் பின்னாலிருந்து ஷீட் வாடை வரும்.
மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளிப்பார்கள்.
அதற்குத்தான் சிலைகள் என்றார் முதலாளி.
வாடைக்கும் சிலைக்கும் என்ன தொடர்பென்று
நான் கேட்கவில்லை. என் வேலை ஸ்டோர்,
எண்ணி வாங்கி வைப்பது.

ஒன்று: தாடிக்காரர், கையில் மூன்று முனை ஈட்டி.
"சிவனா?" என்றேன்.
"கடல் சாமி," என்றான் லியோங்.

இரண்டு: உருண்டையைத் தோளில் சுமப்பவர்.
இவரை உடனே பிடித்துவிட்டது.
இரண்டு தோம்புப் பாலைக் காண்டாவில் தூக்கி
மேடு ஏறும்போது கழுத்து நரம்பு
இப்படித்தான் புடைக்கும். செய்தவன் எங்கோ பார்த்திருக்கிறான்.

மூன்று: இரண்டு கையும் இல்லாத அம்மாள்.
கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.
உடைந்த சாமானுக்கு என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
லியோங் மலாயில் சத்தியம் செய்தான்:
அசலுக்கே கையில்லை அக்கா,
உலகம் பூராவும் கையில்லாமல்தான் விற்கிறார்கள்.
எழுதிக் கொடு என்றேன். எழுதினான்:
"கை, முதலிலிருந்தே இல்லை."

நான்கு: செருப்பில் சிறகு முளைத்த பையன். பழுதில்லை.

ஐந்தும் ஆறும் ஒரே பீடத்துக்குச் சேர்ந்தவை,
லோரியில் இடமில்லாமல் தனித்தனியாக வந்தன.
விரட்டுகிற ஆண். ஓடுகிற பெண்.
அவள் விரல் நுனிகளில் இலை விட்டிருந்தது.
பாதத்திலிருந்து இடுப்புவரை பட்டை ஏறியிருந்தது.
வாய் திறந்தபடி.

லியோங்குக்குத் தெரிந்தது இவ்வளவு:
இவன் துரத்தினான், அவள் அப்பனைக் கூப்பிட்டாள்,
அப்பன் ஆற்றுச் சாமி, மகளை மரமாக்கிவிட்டான்.
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, மரத்தை யார் தொடுவார்கள்? தப்பித்தாள்."

லியோங் பட்டணத்துப் பிள்ளை.

மரமானால் விட்டுவிடுவார்கள் என்று
அவளுக்கு யார் சொன்னது?
இங்கே மரத்தைத்தான்
விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டித் தேடிப் போனோம்.
பதினோரு வருஷம், நாளுக்கு நானூறு மரம்,
நானே வெட்டியிருக்கிறேன்,
உளியைச் சாய்த்து, இடது மேலிருந்து வலது கீழாக,
மரத்தில் படாமல் பட்டையில் மட்டும்,
மங்கை மாட்டிவிட்டு அடுத்ததற்கு.
ஒன்றும் யாரையும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தாலும்
வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க வேண்டும்.

கண் தானாகவே அவள் தொடைப் பட்டையில்
முதல் வெட்டு எங்கே விழும் என்று அளந்தது.
பழகிய கண். வெட்கமாய் இருந்தது.
அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
ஃபைபர். வெயிலுக்குச் சுட்டது.

ஐந்து மணிக்கு முதலாளி போன் செய்தார்:
அந்த இரண்டையும் வாசலில் சேர்த்து வை,
ஜோடி, நடுவில் நின்று படம் எடுப்பார்கள்.
சரி என்றேன்.

அவளை வாசலில் வைத்தேன், கடல் சாமிக்குப் பக்கத்தில்.
அப்பன் இல்லாவிட்டாலும் தண்ணீர்க்காரர்.
அவன் ஜெனரேட்டர் அறையில், சுவரைப் பார்த்து.
நீட்டிய கை நீட்டியபடி,
விரலுக்கும் சுவருக்கும் ஒரு சாண்.
கேட்டால், பீடம் ஆடுகிறது என்பேன்.

சீட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ஆறும் வந்தது. ஆறாவதில் ஒரு இலை குறைவு.

லோரிப் பலகையில் தேடினோம், நானும் லியோங்கும்,
மெத்தைகளை உதறி, டார்ச் அடித்து.
கொசு பிடுங்கியது.
அவன் இன்னும் தைப்பிங் போக வேண்டும்.