வெளிச்சக் கட்டம்

அதிகாலை நாலேகால்.
ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள் தேசம்மாவை.
காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிறவர்.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பாதம் மாட்டிக்கொள்ள
உடம்பு மட்டும் திரும்பிவிட்டதாம்.
"யாரோ கூப்ட்டாங்கன்னு திரும்புனேன்."

சேலை ஓரத்தில் செதில்கள்.
வீக்கத்துக்குள் புதைந்திருந்த கொலுசை
சோப்புத் தண்ணீர் விட்டு நானே கழற்றினேன்.
பிறகு விளக்கு:
கணுக்கால் மேல் ஒரு வெளிச்சக் கட்டம்,
நடுவே சிலுவை நிழல்.
எது படம், எது படமில்லை என்று
கட்டம் தீர்மானிக்கும்.
கட்டத்தை நான்.
சீட்டில் 'கணுக்கால்' என்றிருந்தது.
அந்த அளவுக்கே சுருக்கினேன்.

"ஆடாதீங்க."
மூன்று படம்.

போன மாதம் வந்த மென்பொருள்
பதினொரு நொடியில் வாசித்துவிட்டது.
பச்சை எழுத்து: முறிவு இல்லை,
தொண்ணூற்றாறு சதவீதம்.

தேசம்மா எட்டிப் பார்த்தார்.
"தொண்ணூத்தாறா? யாரு கேட்டது?"
"மெஷின்மா."
"மீதி நாலு?"

இருபது வருஷமாய் எண்களைக் கூவுகிறவர்.
கடைசி விலைக்கு மேல் ஒரு விலை
கூட்டத்தில் எங்கோ
வாய் திறக்காமல் நிற்கும் என்று தெரிந்தவர்.
எனக்குப் பதில் தெரியவில்லை.

பயிற்சி டாக்டர் மஹ்பூபா வந்தார், இமையெல்லாம் தூக்கம்.
படத்தைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார்.
இரண்டு எலும்புகளுக்கு நடுவே
ஓர் அரிசி அகலம் கூடியிருந்த இடைவெளியை
பேனா மூடியால் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை.
பாவாடையை முட்டிவரை ஒதுக்கி
அதற்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாக,
கட்டைவிரலால் அழுத்தினார்.

துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுபடி விளக்கு.
இந்தத் தடவை கட்டத்தை மேலே தள்ளினேன்.
இருந்தது.
சின்ன எலும்பின் கழுத்தில்
சாய்ந்து ஓடும் கறுப்புக் கோடு,
முருங்கைக் கிளையைத் திருகி விட்டாற்போல.
மாட்டியது கீழே.
திருகல் ஏறிப்போய் உடைத்தது மேலே.

மென்பொருள் பொய் சொல்லவில்லை.
கொடுத்ததை ஒழுங்காகப் படித்தது.
கொடுத்தது நான்.

ஆறு மணிக்கு மாவுக்கட்டு அறை வாசலில்
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தேசம்மா
போனில் வஞ்சிரம் விலை கேட்கிறார்.
கொலுசு என் மேசையில்,
பழைய ஈசிஜி தாளில் மடித்து, பெயர் எழுதி.

அடுத்த சீட்டு: மணிக்கட்டு.
பதினாலு வயசுப் பையன், சைக்கிள்.
விளக்கைப் போட்டுவிட்டு,
கட்டத்தைச் சுருக்காமல் கேட்கிறேன்,
"வேற எங்கயாவது வலிக்குதா?"

பையன் யோசிக்கிறான்.