முகம் பொருந்தவில்லை

நான்கு புள்ளி ஆறு ஒன்று.
இன்று காலை நிலவரப்படி என் யோக்கியதை.
நான்கரைக்குக் கீழே இறங்கினால்
டர்பனில் எனக்குக் கார் இருக்கும்,
காருக்குத் தவணை இருக்கும்,
சவாரி இருக்காது.

ஆகவே
கடற்கரையில் ஏறும் பிள்ளைகள் விட்டுப்போகும் மணலை
ஒவ்வொரு தடவையும் தட்டிவிடுகிறேன்.
பன்னி சௌ பொட்டலத்தோடு ஏறுகிறவரிடம்
"வீட்டில் போய்ப் பிரியுங்களேன்" என்று சொல்ல
ஒரு சிரிப்பு பழகி வைத்திருக்கிறேன்.
முன்பு ஒருமுறை மட்டன் குழம்பு சீட்டில் கவிழ்ந்தது.
அடுத்து ஏறிய மூன்று பேரும்
மூக்கால்தான் நட்சத்திரம் போட்டார்கள்.

மால் வாசலில் ஏற்றக் கூடாது.
அங்கே மினிபஸ் டாக்ஸிக்காரர்கள் நிற்கிறார்கள்;
அவர்கள் போடுவது கல்.
"பெட்ரோல் பங்க் வரை நடந்து வாருங்கள்" என்று செய்தி அனுப்பினால்
இரண்டு கையிலும் பையோடு வரும் அம்மாளுக்குக் கோபம்.
ஒரு நட்சத்திரம் போனால் போகட்டும்.
கண்ணாடி இரண்டாயிரம் ராண்ட்.

இரவு பதினொன்றுக்குத் தூரத்து அழைப்பு வந்தால்
மறுக்கலாம்.
ஏற்ற பிறகு மறுப்பதுதான் பாவம்,
அதற்குத் தனியாகச் சதவீதம் எழுதுகிறார்கள்.

மைத்துனன் சிவேன் கேட்டான்:
"ராத்திரி நீ தூங்கும்போது போனைக் கொடு,
உன் பேரில் நான் ஓட்டுகிறேன்."
கணக்கும் பல் தேய்க்கும் பிரஷும் ஒன்று என்றேன்.
அந்தத் தீபாவளிக்கு
அவன் வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை.

இவ்வளவு பார்த்து ஓட்டியவன்
கும்பிட்டு மாட்டினேன்.

உம்கேனி சாலையில், கோயிலுக்கு எதிர் சிக்னலில்
சிவப்பு விழுந்தால் ஒரு கணம் கண்ணை மூடுவேன்.
பின்சீட்டுக்காரர் எழுதிவிட்டார்:
ஓட்டுநர் தூங்குகிறார்.
ஆறு நாள் திரை சாம்பல்.
முருகா, கணக்கைத் திருப்பிக் கொடு,
காவடிக்கு முடி தருகிறேன்.
ஏழாம் நாள் பச்சை.

தைப்பூசத்தன்று கொடுத்தேன்,
கேட்காத மீசையையும் சேர்த்து.

மறுநாள் விடியற்காலை நாலரை.
விமான நிலையச் சவாரிக்குப் போனை எடுத்தால்
செல்ஃபி கேட்டது.
வெளிச்சத்தில் நில்லுங்கள். நின்றேன்.
தொப்பியைக் கழற்றுங்கள்.
அப்பா, அது சந்தனம் பூசிய தலை.
முகம் பொருந்தவில்லை.
முகம் பொருந்தவில்லை.
மூன்றாவது தடவை கேட்கவே இல்லை, பூட்டிவிட்டது.

அலுவலகத்தில் என் எண் நூற்றுப் பதினேழு.
எனக்கு முன்னால் இருந்தவருக்கு
பெர்மிட் தேதி போன மாதமே முடிந்திருந்தது.
"நினைவூட்டல் வந்தது, விளம்பரம் என்று நினைத்தேன்" என்கிறார்,
என்னைப் பார்த்து, நான் ஏதோ மன்னிக்க முடியும் என்பதுபோல.

கப்பலில் வந்த பூட்டனுக்கும் ஓர் எண் தந்தார்கள்.
முதலியை மூட்லி என்று எழுதியது யாரோ ஒரு குமாஸ்தா.
பெயர் பொருந்தாமலே
நாலு தலைமுறை ஓட்டிவிட்டோம்.

கவுண்டரில் நொம்தாண்டாசோ.
படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"மொட்டை யார் கேட்டது?"
"சாமி."
"எதற்கு?"
"இந்தக் கணக்குக்கு."
மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள்.
பிறகு தன் சடைகளைத் தூக்கிக் காட்டினாள்:
மாதம் ஒரு பின்னல்,
மாதம் ஒருநாள் இந்தக் கட்டடத்தின் கதவே
அவளுக்குத் திறப்பதில்லையாம்.

புதுப் படம் எடுத்தாள். பச்சை.
"முடி வளர்ந்ததும் வா," என்றாள்,
"மறுபடியும் பொருந்தாது."

திரும்பும்போது அதே சிக்னல், அதே சிவப்பு.
பின்சீட்டில் ஒரு வங்கிக்காரர், கையில் போன்.
கண்ணை அகலத் திறந்துகொண்டு
கியர் மேல் இருந்த கையாலேயே
ஒரு விரல் தூக்கினேன்.
உள்ளே இருப்பவனுக்குப் புரிந்திருக்கும்.
அவனும் கண் இமைக்காமல்தான்
காலங்காலமாக வேலையில் இருக்கிறான்.